பென்ஷன் வாங்கிய எண்ணெய்

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது நாள், மின்தூக்கியில் ஒரு பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். நீலக் கவுன், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் பாசாரிலிருந்து வாங்கி வந்த கோழி. ஊர், பேர், பிள்ளைகுட்டி எல்லாம் விசாரிக்கப் போகிறார் என்று நான் ஒரு சிரிப்பைத் தயார் செய்துகொண்டேன்.

"தம்பி, உன் வண்டி என்ன குடிக்குது?"

"பெட்ரோல்தான் ஆன்டி."

"அது எல்லா வண்டியும் குடிக்கும் லா. என்ஜின் எண்ணெய் என்ன கிரேடுன்னு கேக்குறேன்."

எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. இறங்கும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. ரத்த வகை தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பவனை நர்ஸ் இப்படித்தான் பார்ப்பாள்.

அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் ஆன்டி. தபால்காரருக்கும் ஆன்டி, நிர்வாகக் குழுத் தலைவருக்கும் ஆன்டி, அவரைவிட மூத்தவரான முதல் மாடிச் சீனருக்கும் ஆன்டி. நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவருடைய அப்பா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். ஆன்டியும் ரயில்வே அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான், ஆனால் விரல்கள் மட்டும் அப்பாவைக் கொண்டு பிறந்துவிட்டன. நகக்கண்ணில் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க மற்றவர்கள் உள்ளங்கையை நீட்டுவார்கள், இவர் நாக்கை நீட்டுவார். "இந்தக் கையில ஆண்டவர எப்படிப்பா வாங்குறது? கறை பட்டுரும்" என்பார்.

அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் காஞ்சில் இருந்தது. மூன்று பேர் ஏறினால் பெருமூச்சு விடும் சின்னக் கார். சில மாதங்களுக்கு ஒரு முறை, ஒரு சனிக்கிழமை காலையில், கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில் அதற்கு எண்ணெய் மாற்றும் வைபவம் நடக்கும். அப்பா விட்டுப்போன, தண்டவாளத்துக்கு அடியில் போடும் இரண்டு சிலிப்பர் கட்டைகளைப் போட்டு, முன் சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, கவுனுக்கு உள்ளே கால்சட்டையோடு காருக்கு அடியில் நுழைந்துவிடுவார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்தப் பாதங்களிடம் பேசிவிட்டுப் போவார்கள். கட்டடத்தில் வேறு இரண்டு கார்களுக்கும் அவரே எண்ணெய் மாற்றினார். பட்டறை ஐந்து நிமிட நடைதான், அங்கே விட்டால் என்ன என்று ஒருமுறை அந்தப் பாதங்களிடம் கேட்டேன்.

"அவன் மீதிய என்ன செய்றான்னு எனக்குத் தெரியாதே" என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

மீதிதான் ஆன்டியின் தீராத விசாரம். என்ஜின் எண்ணெய் நாலு லிட்டர் போத்தலில் வருகிறது. காஞ்சில் மூன்று லிட்டர்கூடக் குடிக்காது. ஆக ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டருக்கு மேல் பொன் நிறத்தில் புது எண்ணெய் மிஞ்சிவிடும். சாதாரண மனிதர்கள் அதை மூடி எங்கேயாவது வைத்து மறந்துபோவார்கள். ஆன்டி அதற்கு வரன் பார்ப்பார்.

நான் மிகைப்படுத்தவில்லை. அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் பாதிப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒட்டுத்தாள், அதில் கிரேடும் அளவும். புதிதாக ஒரு கார் கட்டடத்துக்குள் வந்தால் ஆன்டிக்குக் கண் மலர்ந்துவிடும். "நாலாவது மாடிக்கு ஒரு மைவி வந்திருக்கு தம்பி. டென் ஃபார்ட்டிதான் குடிக்கும். என்கிட்ட ஒண்ணேகால் லிட்டர் இருக்கு. ரெண்டு மாசமா நல்ல இடம் அமையல" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். பிறகு அந்த மைவிக்காரரை மின்தூக்கியில் மடக்கி, வண்டிக்கு எத்தனை வயது, ஓட்டம் எவ்வளவு, புகை விடுகிறதா, இதற்கு முன் யார் கையில் இருந்தது என்று விசாரிப்பார். எல்லாம் பொருந்தினால் மாலையில் போத்தலோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். காசு வாங்கமாட்டார். "நல்லா வச்சிக்குங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பார். அந்த மனிதர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

எல்லா மீதியையும் ஒரே டின்னில் ஊற்றிவைத்தால் வேலை சுலபமாயிற்றே என்று ஒரு டாக்சிக்காரர் யோசனை சொன்னார். ஆன்டிக்கு வந்த கோபத்தை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"மனுஷங்க எப்படி வேணும்னாலும் கலந்து கட்டிக்கலாம். என் மகளே சீனப் பையனத்தான் கட்டியிருக்கா, தங்கமான பையன். ஆனா எண்ணெயக் கலக்கக் கூடாது!"

எங்கும் பொருந்தாமல் நிற்கும் எண்ணெய்க்கும் ஒரு கதி உண்டு. ஒரு வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால், பக்கத்துத் தெருக் கோயிலின் செயலாளர் ஆன்டியைத் தேடி வந்தார். சாமி ஊர்வல வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டு நாதஸ்வரத்தோடு போட்டி போடுகிறதாம். ஆன்டி அவரை உட்காரவைத்து, வழக்கம்போல விசாரணையைத் தொடங்கினார்.

"சாமி எவ்வளவு ஸ்பீட்ல போவாரு?"

"ஆளுங்க தள்றதுதான் ஆன்டி. மெதுவாத்தான்."

"வெயிட்?"

செயலாளர் சாமியின் எடையைச் சொல்லத் தயங்கினார். பிறகு குத்துமதிப்பாக ஒன்று சொன்னார்.

"அப்ப டுவென்டி ஃபிஃப்டி போதும். கெட்டியா நிக்கும், ஓடிப் போகாது" என்று ஜன்னலோரத்தில் வெகுநாளாக ஆளில்லாமல் நின்ற ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தார். தைப்பூசத்தன்று முருகன் சத்தமில்லாமல் எங்கள் தெருவைக் கடந்து போனார். மறுநாள் ஆன்டி வீட்டுக்கு ஒரு வாளி நிறையச் சக்கரைப் பொங்கல் வந்தது. அவர் அதையும் வீடு வீடாகப் பங்கு வைத்துக் கொடுத்தார். எங்களுக்கு வந்த கிண்ணத்தில் லேசாக இயந்திர வாசனை அடித்ததாக என் மனைவி இன்றுவரை சாதிக்கிறாள்.

காலிப் போத்தலையும் அவர் சும்மா விடுவதில்லை. ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டி, வாயில் புனல் வைத்து, ஒரு நாள் முழுக்கச் சொட்டவிடுவார். அப்படிச் சேரும் சொட்டுகளைத் தையல் இயந்திர எண்ணெய்க் குப்பியில் நிரப்பிக் கைப்பையில் வைத்திருப்பார். கட்டடத்தின் எல்லாக் கம்பிக் கதவுக்கும், பூக்கடைக்காரர் கத்தரிக்கோலுக்கும், மளிகைக்கடைத் தள்ளுவண்டிக்கும் அந்தக் குப்பிதான் வைத்தியம். எங்காவது கீல் சத்தம் கேட்டால் அவரால் பேச்சைத் தொடர முடியாது. ஒருமுறை ஒரு துக்க வீட்டில், எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, அறைக்கதவு முனகியது. ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்துபோய் இரண்டு சொட்டு விட்டுவிட்டு வந்து, மறுபடி அழுதார்.

இதெல்லாம் புது எண்ணெய். காரிலிருந்து வடிக்கும் பழைய கறுப்பு எண்ணெய் விஷயத்தில் ஆன்டி வேறு ஆள். அதற்கு அவர் வைத்த பெயர் பென்ஷன்காரன். "உழைச்சு முடிச்சிருச்சு. இனிமே யாரும் வேல வாங்கக் கூடாது" என்பார். கறையானுக்கு அடிக்கலாம், வேலிக்குப் பூசலாம், கொசுவுக்கு ஊற்றலாம் என்று ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். டெங்கிலில் இருந்த அவருடைய அண்ணன், பாம்பு வராது என்று வீட்டைச் சுற்றிப் பழைய எண்ணெயை ஊற்றியிருக்கிறார். பெரிய மழை பெய்து அது அவருடைய மீன் குட்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

"பாம்பு வரல, உண்மைதான். ஆனா கெளுத்தி எல்லாம் வயித்தக் காட்டிக்கிட்டு மெதந்துச்சு. அண்ணி அழுத அழுகைய நான் பாத்தேன். கறுப்பு ஒரு சொட்டு லோங்காங் சாக்கடையில விழக் கூடாது தம்பி, ஒரு சொட்டு."

அதனால் அவருடைய பென்ஷன்காரர்கள் எல்லாம் ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் டப்பாவில் சேர்ந்து, டப்பா நிறைந்ததும் பட்டறைக்குப் போவார்கள். அங்கே ஒரு பெரிய பீப்பாய் இருந்தது. உரிமம் உள்ள லோரி வந்து பீப்பாயை எடுத்துப்போகும். லோரிக்காரர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் ஆன்டி அந்தப் பட்டறையை நம்பினாராம்.

இனி என் பங்குக்கு வருகிறேன். சொல்ல விருப்பமில்லை, ஆனால் சொல்லாவிட்டால் ஆன்டியைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

அந்த வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் ஆன்டிக்கு முட்டி வீங்கிவிட்டது. கழுத்துவரை நிறைந்த ஒரு டப்பாவை என்னிடம் கொடுத்து, "ஆபீஸ் போற வழியில வொர்க்‌ஷாப்ல குடுத்துருப்பா" என்றார். என்னைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பெருமை. டப்பாவைக் காரின் பின்பெட்டியில் வைத்தேன். மறுநாள் மறந்தேன். அதற்கு மறுநாள் அவசரம். அடுத்த வாரம் பட்டறை வாசலில் நிறுத்த இடமில்லை. அப்படியே மூன்று வாரமும் அந்த ஐந்து லிட்டர் பென்ஷன்காரர் என்னோடு அலுவலகம் போய்வந்துகொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை, எங்கள் ஊர் ஆறு கடலில் சேரும் கிள்ளானில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பவேண்டும். என் மனைவி ஒரு வாரமாகச் சுட்ட முறுக்கு ஆறு பெரிய டின்களில் வாசலில் தயாராக நின்றது. காரின் பின்பெட்டியைத் திறந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"முறுக்குல மின்யாக் ஹீத்தாம், இந்தக் கறுப்பு எண்ணெய் வாசன வந்தா எங்கம்மா உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாங்க, என்னத்தான் கேப்பாங்க. மொதல்ல இத எங்கயாச்சும் குடுத்துட்டு வாங்க."

பட்டறைக்கு ஓட்டினேன். இழுத்துச் சாத்தியிருந்தது. பட்டறைக்கார அண்ணன் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. குப்பை அறைக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்தில், நான் டப்பாவின் மூடியைத் திறந்தேன். இவ்வளவு மழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து லிட்டர் லோங்காங்கில் இறங்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காலி டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, கைகழுவி, முறுக்கை ஏற்றினேன்.

அந்த மழை பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. தீபாவளிக்கு வெடித்த பட்டாசுக் காகிதத்தை எல்லாம் பெருக்கி யாரோ அந்த லோங்காங்கில் தள்ள, அது அடைத்துக்கொண்டது. நாங்கள் கிள்ளானிலிருந்து திரும்பி வந்தபோது, நிர்வாகக் குழுத் தலைவர் கார் நிறுத்தும் இடத்துக்கு நேர் எதிரே, தேங்கிய தண்ணீர்மேல் கறுப்பும் வானவில்லுமாக ஒரு படலம் மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் படம் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே வந்திருந்தது. கீழே யாரும் பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, கட்டடத்தில் எண்ணெய் என்றால் ஒரே ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தள மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் எழுந்தார்.

"ஆன்டி, ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். கார் பார்க் என்ன வொர்க்‌ஷாப்பா? இனிமே யாரும் இங்க எண்ணெய் மாத்தக் கூடாது. நீங்களும்தான்."

ஆன்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முட்டி இன்னும் சரியாகவில்லை.

"அது என் எண்ணெயா இருந்தா நீங்க சொல்லவே வேணாம். நானே அந்தக் கட்டையத் தூக்கிப் போட்டுருவேன். ஆனா என்னுது அப்பவே வொர்க்‌ஷாப்புக்குப் போயிருச்சு. இந்தத் தம்பிதான் கொண்டு போய்க் குடுத்துச்சு. எந்திரிச்சு சொல்லுப்பா."

அந்தச் சனிக்கிழமைகளை எடுத்துவிட்டால் அவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். எழுந்தேன். நான் வேலை பார்ப்பது காப்புறுதி நிறுவனத்தில், இழப்பீட்டுப் பிரிவில். பொய் சொல்லுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

"ஆமா. குடுத்துட்டேன்" என்றேன்.

ஆன்டியின் முகம் மலர்ந்தது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு, புருஷன் சாட்சி சொல்லும்போது தானும் கொஞ்சம் கை கொடுக்கலாமே என்று தோன்றிவிட்டது. அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

"ஆமா ஆன்டி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தீபாவளிக்கு மொத நாள் காலையில, முறுக்கு டின் ஏத்துறதுக்கு முன்னாடி, போய்க் குடுத்துட்டு வந்தாரு."

"மொத நாளா?" என்றார் தலைவர். "அந்த வொர்க்‌ஷாப் அதுக்கு ரெண்டு நாள் முந்தியே லீவு விட்டாச்சே. நான் பேட்டரி மாத்தப் போய் கதவப் பாத்துட்டு வந்தேன்."

இழப்பீடு கேட்டு வந்து என் மேசைக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறவர்களின் காது எப்படிச் சூடாகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"எங்கடா ஊத்துன?" என்று கேட்டார் ஆன்டி.

"குப்பை ரூமுக்குப் பின்னால ஆன்டி. மழை பெஞ்சிட்டு இருந்துச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. தலைவர் பக்கம் திரும்பினார். "எண்ணெய் என்னுதுதான். புதுசா இருந்தப்ப போத்தலத் தொறந்தது நான். சொன்ன மாதிரி கட்டைய எடுத்துர்றேன்" என்றார்.

"தப்பு என்னுது ஆன்டி, நீங்க ஏன்..."

"நீங்க உக்காருங்க."

அதுவரை அவர் என்னை நீ என்றுதான் சொல்லிவந்தார். நான் உட்கார்ந்தேன். என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

தடை எத்தனை நாள் நீடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம். அதற்குள் கட்டடத்தில் முனகாத கதவு இல்லை. ஒருநாள் தலைவர் வீட்டுக் கம்பிக் கதவே இறுகிக்கொண்டு, அவர் குடும்பத்தோடு உள்ளே மாட்டிக்கொள்ள, ஆன்டியின் குப்பிதான் அவர்களை மீட்டது. அடுத்த சனிக்கிழமை சிலிப்பர் கட்டைகள் தம் மூலைக்கே திரும்பி வந்தன. இப்போது ஆன்டி சுபாங் ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் மருமகனின் நண்பர்கள் வட்டாரத்தில் வரன் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

கூட்டம் முடிந்த அன்று மதியம், ஆன்டி ஒரு வாளியும் பழைய பாத்தேக் சாரோங் துணிகளுமாக லோங்காங்குக்கு வந்தார். முட்டியை மடக்க முடியாமல் ஓர் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, துணியைப் படலத்தின்மேல் மெல்லப் போட்டு, எடுத்து, வாளியில் பிழிந்தார். நானும் இறங்கினேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பட்டாசுக் காகிதத்தை அள்ளினேன், துணியை நனைத்துப் பிழிந்தேன். மேல் மாடிகளில் தலைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. மூன்று மணி நேரம் அவரோடு பிழிந்துகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாளியை அசையாமல் வைத்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை காத்திருந்தார். பிறகு கரண்டியால் அதை மட்டும் மொண்டு, கோடு போட்ட அளவுச் சாடியில் ஊற்றினார். சாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரண்டு லிட்டர். அதை ஒரு டப்பாவுக்கு மாற்றி, மூடியைத் திருகி, எழுந்து நின்றார். பட்டறை அன்று திறந்துவிட்டிருந்தது. நான் டப்பாவுக்காகக் கையை நீட்டினேன். அவர் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இத நானே கொண்டு போயிர்றேன்" என்றார். "நான் குடுத்தது அஞ்சு லிட்டர். மீதி மூணும் இந்த லோங்காங் வழியா ஆத்துல எறங்கி, உங்களுக்கு முன்னாடியே கிள்ளானுக்குப் போயிருக்கும். அடுத்த தடவ மாமியார் வீட்டுக்குப் போறப்ப, அத நீங்க எடுத்துக்கிட்டு வாங்க."